அயலிலிருந்து அயலுக்கு: சாலகத்திற் செய்தி பரவும் வேகம் பற்றிய ஓர் எண்ணத்தின் வரலாறு

செய்தியொன்று ஓரிடத்திலே தோன்றி இன்னோரிடத்தை அடைய எவ்வளவு காலம் எடுக்கும் என்னும் வினா, வரலாறு கற்போர் பலகாலும் எதிர்ப்படும் வினாவாகும். ஓர் அரசாணை, ஒரு போர்ச் செய்தி, கொள்ளைநோய் பற்றிய ஓர் எச்சரிக்கை ஆகியன எந்நாளில் எவ்வூரை எட்டின என்பதை அறியாது, அவ்வூர் மக்கள் ஏன் அவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை விளக்குதல் இயலாது. இதே வினாவைப் பௌதிகவியலாரும் தம் துறையிற் கேட்டுள்ளனர். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட ஓர் அமைப்பின் ஒரு மூலையில் நேர்ந்த மாற்றம் மறுமூலைக்கு எப்போது தெரியவரும்? இதற்கு 1972ஆம் ஆண்டிற் கிடைத்த விடையும், அவ்விடைக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவையுமே இக்கட்டுரையின் பொருளாம். கலைப்பீட மாணவர் ஒருவர் பௌதிகவியலாரின் வயலுக்குள் இறங்குவது முறையாகுமா எனச் சிலர் வினவக்கூடும். வரம்பில் நின்று பார்ப்பவருக்கும் நீர் ஓடுந் திசை தெரியும் என்பதே எமது சமாதானம்.

முதலிற் சொற்கள் இரண்டினைத் தெளிவுபடுத்தல் நன்று. பளிங்கொன்றினுள்ளே அணுக்கள் ஒழுங்குற அமைந்துள்ள அடுக்கினை எமது பாடநூல்கள் 'சாலகம்' என்று குறிப்பிடும். சக்தியானது தொடர்ச்சியாகவன்றித் துளித்துளியாகவே கைமாறுகின்றது என்னும் கருத்திலிருந்து வளர்ந்த பொறிமுறையைக் குவாண்டம் பொறிமுறை என்பர். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்றோர் 'சக்திச்சொட்டெண்' என்ற தொடரால் இதனை அறிந்திருப்பர். 'சொட்டு' என்பது அழகிய சொல்லே. எனினும் 'குவாண்டம்' என்பதே வழக்கில் நிலைபெற்றுவிட்டமையால் அதனையே ஈண்டுக் கையாளுகின்றோம். குவாண்டம் சாலகம் என்பது, ஒவ்வொரு புள்ளியிலும் குவாண்டம் விதிகளுக்கமைந்த சிறு பொருளொன்று, பெரும்பாலும் சிறு காந்தமொன்று, அமர்ந்திருக்கும் அமைப்பாகும். அச்சிறு காந்தம் தன் அயலிலுள்ளவற்றோடு மாத்திரமே நேரடியாக உறவாடும். அயலுக்கு அப்பால் உள்ளதன்மேல் அதற்கு நேரடியான பிடி எதுவுமில்லை. இதனையே இடஞ்சார் தன்மை என்பர்.

வன்னிப் பெருநிலத்திற் பிறந்தோருக்கு இதனை விளக்க அதிகம் கூறவேண்டியதில்லை. இங்குச் சிறு குளங்கள் தனித்தனியே அமைந்தவையல்ல. ஒரு நீரோட்டத்தின் வழியே ஒன்றன்கீழ் ஒன்றாக அவை கட்டப்பட்டுள்ளன. மேற்குளம் நிறைந்து வான் பாய்ந்தால் அந்நீர் அடுத்த குளத்துக்கு வரும். அது நிறைந்தபின் அதற்கடுத்ததற்குச் செல்லும். கனகராயன் ஆற்றின் மேற்புறத்தே, வவுனியாப் பக்கத்துக் காடுகளிற் பெய்த மழை இரணைமடுவின் நீர்மட்டத்தில் உடனே தெரிவதில்லை. இடையிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு கட்டும் தன் பங்கைப் பெற்றபின்னரே மிகுதி கீழே இறங்கும். கீழ்க்குளத்து விவசாயிக்கு மேற்குளத்தைப் பற்றிய செய்தி நடுக்குளத்தின் வாயிலாகவன்றி வேறு வழியால் நீரில் வருவதில்லை.

கடிதங்களின் நிலையும் ஒருகாலத்தில் இவ்வாறே இருந்தது. 1905ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் லெனாட் வுல்ப் என்னும் இளம் ஆங்கிலேய அதிகாரி யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியேற்கச் சென்றார். அநுராதபுரம் வரையிலுமே அவருக்குப் புகைவண்டி கிடைத்தது. அங்கிருந்து ஆனையிறவு வரையும் தபால் வண்டியில், அதாவது மாட்டு வண்டியொன்றிலே தபால் மூட்டைகளின்மேற் படுத்தவாறு, வன்னிக் காட்டினூடாகப் பயணஞ் செய்ததைத் தம் தன்வரலாற்றில் அவர் விரிவாக எழுதியுள்ளார். இலங்கையில் 1858 முதலே தந்தி இயங்கியதாயினும், சாதாரண மக்களின் செய்தி மாட்டின் நடைக்கு மேற்பட்ட வேகத்தில் அக்காட்டினைக் கடக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் வடபகுதிப் புகைவண்டிப் பாதை வன்னியூடாக முழுமையடைந்தது. மாட்டின் நடை போய்ப் புகைவண்டியின் ஓட்டம் வந்தது. ஆனால் முறைமை மாறவில்லை. மூட்டை இப்பொழுதும் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கே சென்றது. வேகம் கூடியதேயன்றி எல்லை நீங்கவில்லை.

எல்லை என்றதும் அதே 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்புக் கொள்கை எவருக்கும் நினைவுக்கு வரும். ஒளியினும் விரைந்து எந்தச் செய்தியும் செல்லவியலாது என்பது அதன் பேறுகளுள் ஒன்று. அக்கருத்து வெறுவெளியில் உதித்ததன்று. ஒளிக்கும் பயணக் காலம் உண்டென்பதை வியாழனின் துணைக்கோள் ஒன்றின் கிரகணங்களைக் கொண்டு ரோமர் 1676இல் உணர்த்தியிருந்தார். ஈர்ப்பு விதியைத் தந்த நியூற்றனே, இடையில் எதுவுமின்றி ஒரு பொருள் தொலைவிலுள்ள இன்னொன்றின்மேற் செயற்படும் என்பதை ஏற்கத் தயங்கினார். 1693இல் பென்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் அத்தயக்கம் வெளிப்படையாகவே தெரிகின்றது. அவருடைய கணிதம் உடனடிச் செயலைக் கூறிற்று, அவர் மனம் அதை ஒப்பவில்லை. பரடேயும் மக்சுவெல்லும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்காந்தப் புலத்தை வகுத்தபோதுதான் நியூற்றன் விட்டுச்சென்ற இடைவெளி நிரம்பத் தொடங்கியது. புலத்தின் ஒவ்வொரு புள்ளியும் தன் அயற்புள்ளிக்கே செய்தி கொடுக்கும் என்றாயிற்று.

ஆகவே 1905இன் பின்னர் இவ்வினா முடிந்துவிட்டதெனத் தோன்றலாம். முடியவில்லை. 1926இல் சுரோடிங்கர் தந்த குவாண்டம் சமன்பாட்டில் ஒளியின் வேகம் இடம்பெறவேயில்லை. அச்சமன்பாட்டின்படி, இக்கணத்தில் ஓரிடத்தில் அடைத்துவைக்கப்பட்ட துகளொன்று அடுத்த கணத்தில் எத்துணைத் தொலைவிலும் காணப்படுதற்குச் சிறியதாயினும் சுழியமல்லாத வாய்ப்பினைப் பெற்றுவிடுகின்றது. காந்தங்களை விளக்க 1928இல் ஹைசன்பேர்க் அமைத்த சாலக மாதிரியும் இச்சமன்பாட்டின்மீதே எழுந்தது. 1930இல் பெலிக்ஸ் புளொக் அச்சாலகங்களில் அலைகள் ஓடுவதைக் காட்டினார்; 1931இல் ஹான்ஸ் பேதே ஒரு பரிமாணச் சங்கிலிக்குச் சரிநுட்பமான தீர்வு கண்டார். அலைகளுக்கு வேகம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அலை என்பது செய்தி செல்லும் பல வழிகளுள் ஒன்று மாத்திரமே. எவ்வழியாலும் எந்தச் செய்தியும் ஒரு குறித்த வேகத்தை மிஞ்சாது என்று அம்மாதிரிகளைப் பற்றி எவரும் நிறுவவில்லை. ஒளியின் வேகம் அங்கே காவல் நிற்கவுமில்லை.

குழப்பத்தை மிகுவித்தது இன்னொன்று. 1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகியோர், ஒருகால் இணைந்திருந்து பிரிந்த இரு துகள்கள் எத்துணைத் தொலைவிலும் ஒன்றோடொன்று பொருந்திய விடைகளைத் தரும் என்பதைச் சுட்டிக்காட்டி, இக்கொள்கை நிறைவற்றது என வாதித்தனர். 1964இல் ஜோன் பெல் அவ்வாதத்தைப் பரிசோதனைக்குரியதாக மாற்றினார். கிளவுசர், அஸ்பே, சைலிங்கர் முதலானோர் பின்னர் நடத்திய பரிசோதனைகள் குவாண்டம் கொள்கையின் பக்கமே நின்றன. அவர்கள் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதைக் கேட்டவுடன், தொலைவு என்பதே பொய், எல்லாம் எல்லாவற்றோடும் கணத்தில் பேசுகின்றன என்று முடிவுகட்டுவோர் பலர். மேடைகளிலும் அவ்வாறு பேசக் கேட்டிருக்கின்றோம். அம்முடிவு தவறானது. கிளிநொச்சியில் ஒருவரும் வவுனியாவில் ஒருவரும் அத்தகைய இணைத்துகள்களை ஆளுக்கொன்றாக வைத்திருந்தால், அவரவர் பெறும் விடைகள் அவரவருக்குத் தற்செயலாகவே தோன்றும். இருவர் குறிப்பேடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போதுதான் பொருத்தம் வெளிப்படும். ஒப்பிடுவதற்கோ குறிப்பேடு ஒன்று வீதிவழியே வந்தாக வேண்டும். பொருத்தம் வேறு, செய்தி வேறு. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமல் பின்வருவதை விளங்கிக்கொள்ளல் அரிது.

1972இல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த எலியட் லீப்பும், அக்காலத்தில் பிரான்சின் மார்செய் நகரிற் பணியாற்றிய டெரெக் ராபின்சனும் கணிதப் பௌதிகவியல் இதழொன்றில் ஏழு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். குவாண்டம் கறங்கற் சாலகங்களில் செய்தி பரவும் வேகம் எல்லையுடையது என்பதே அதன் சாரம். ஒளியின் வேகத்தை அவர்கள் துணைக்கழைக்கவில்லை. சாலகத்தின் ஒவ்வோர் உறுப்பும் குறித்த தொலைவுக்குட்பட்ட அயலோடு மாத்திரம், குறித்த வலிமையோடு மாத்திரம் உறவாடும் என்பதொன்றையே அடிப்படையாகக் கொண்டனர். அதிலிருந்தே வேகவெல்லை தானாகப் பிறந்தது. அயல் என்ற ஒன்று இருந்தாலே போதும், வேகத்துக்கு ஓர் எல்லையும் உண்டு என்பதே இதன் கருத்து. எமக்கு இது மிகவும் வியப்பூட்டிய இடமாகும்.

நிறுவலின் கருவைக் கணிதமின்றியும் ஓரளவு உணரலாம். பத்து அயல்களைக் கடந்து செய்தி செல்லவேண்டுமாயின் பத்துக் கைமாற்றங்கள் நிகழவேண்டும். அவை நிகழ்ந்தாற் போதாது, முறைப்படி நிகழவேண்டும். முதலாம் குளம் நிறையுமுன் இரண்டாம் குளத்தின் வான்கதவைத் திறப்பதாற் பயனென்ன? பத்து நிகழ்ச்சிகளை அடுக்கக்கூடிய முறைகள் 36 இலட்சத்து 28 ஆயிரத்து 800. அவற்றுள் ஒரேயொரு முறையே செய்தியை மறுகரை சேர்க்கும். ஆகையாற் குறுகிய காலத்தில் தொலைவுக்குச் செல்லும் விளைவு இத்தகைய பேரெண்ணால் வகுக்கப்பட்டு ஒன்றுமில்லை என்னும் அளவுக்குச் சிறுத்துவிடுகின்றது. காலம் நீள நீள ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் வாய்ப்புப் பெருகும். தூரத்துக்கு விகிதசமமான காலம் கழிந்தபின்னரே அவ்வாய்ப்பு அந்த வகுத்தலை வெல்லும். தூரத்துக்கு விகிதசமமாகக் காலம் எடுக்கின்றது என்றால், அதுதான் வேகம்.

இவ்வெல்லை ஐன்ஸ்டைனின் எல்லையைப் போன்று வெட்டொன்று துண்டிரண்டாக அமைந்ததன்று. எல்லைக்கு வெளியே விளைவு முற்றாகச் சுழியமாவதில்லை. தூரம் கூடக் கூட மிக வேகமாகத் தேய்ந்து, அளந்தறிய இயலாததாகிவிடுகின்றது. மேலும் ஒளியின் வேகம் எங்கும் ஒன்றே. லீப்–ராபின்சன் வேகமோ சாலகத்துக்குச் சாலகம் வேறுபடும். அயலாருக்கிடையிலான உறவு வலிதாயின் வேகம் கூடும், மெலிதாயின் குறையும்.

இத்தகைய பேறொன்று உடனே எங்கும் பேசப்பட்டிருக்கும் என நினைப்பது இயல்பு. நடந்தது வேறு. முடிவிலி அமைப்புக்களைக் கணிதவழியில் ஆராய்ந்த சிறு வட்டத்தினர் அதனை அறிந்திருந்தனர், போற்றினர். ராபின்சன் பிரற்றெலியுடன் சேர்ந்து 1979இலும் 1981இலும் இரு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூல் அவ்வட்டத்தின் அடிப்படை நூலாயிற்று. ஆனால் அடுத்த கட்டடத்திற் காந்தங்களையும் மீகடத்திகளையும் ஆராய்ந்தோர் அதனை எடுத்தாளவில்லை. அவர்கள் மொழி வேறு, இதழ்கள் வேறு, கேட்ட கேள்விகளும் வேறு. 2004இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மத்தியூ ஹேஸ்டிங்ஸ், 1961இல் லீப், சுல்ட்ஸ், மற்றிஸ் ஆகிய மூவரும் ஒரு பரிமாணச் சங்கிலிக்குக் காட்டிய பேறொன்றை உயர்பரிமாணங்களுக்கு விரிக்க முயன்றபோது, இந்த வேகவெல்லையைக் கருவியாகப் பயன்படுத்தினார். அதன்பின்னரே அது பலர் கைக்கும் வந்தது. தகவல் பரவும் வேகம் பற்றிய தேற்றம் தானே பரவுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. அறிஞர் உலகமும் ஒரு சாலகந்தான் போலும். ஒரு துறையார் தமது அயற்றுறையாரோடு கைகோக்கும் வரையும் அறிவு அங்கேயே நிற்கும்.

2004இன் பின்னர் விளைவுகள் விரைந்து வந்தன. ஹேஸ்டிங்சும் கோமாவும், அவர்களிலிருந்து தனித்து நாக்டர்கேலும் சிம்சும், 2006இல் ஓர் உண்மையை நிறுவினர்: தாழ்ந்த சக்திநிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையில் இடைவெளி உள்ள சாலகத்தில், தொலைவிலுள்ள உறுப்புக்களுக்கிடையிலான பொருத்தம் தூரத்தோடு விரைந்து தேயும். அதே ஆண்டில் பிராவி, ஹேஸ்டிங்ஸ், வெர்ஸ்ட்ராற்றே ஆகியோர், சாலகம் முழுவதையும் ஒருங்கே பிணைக்கும் சிலவகைக் குவாண்டம் ஒழுங்குகளை உருவாக்கச் சாலகத்தின் நீளத்துக்கேற்பக் காலம் தேவை எனக் காட்டினர். பெரிய குளத்தை ஒரு மழையில் நிரப்பவியலாது என்பதுபோன்றதே இதுவும்.

இந்திய மண்ணில் இத்துறைக்கு நெருங்கிய இரு பணிகளைக் கூறாது விடலாகாது. முதலாவது, 1969இல் மும்பாயின் தாத்தா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் மஜும்தாரும் கோஷும் செய்தது. அயலோடும் அயலுக்கடுத்ததோடும் உறவாடும் சங்கிலியொன்றில், அவ்விரு உறவுகளும் ஒரு குறித்த விகிதத்தில் இருப்பின், கறங்கல்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துத் தம் இணையோடு மாத்திரம் பிணைந்திருக்கும் என அவர்கள் காட்டினர். இரண்டாவது, எமக்கு இன்னும் அண்மையானது. அல்லாடி இராமகிருஷ்ணன் 1962இற் சென்னையில் நிறுவிய கணித அறிவியல் நிறுவனத்தில், கணபதி பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. பாஸ்கரன் 1987இல் அன்டர்சனுடன் சேர்ந்து உயர்வெப்ப மீகடத்திகளின் கொள்கையில் உழைத்தமையால் உலகெங்கும் அறியப்பட்டவர். இவர்கள் எடுத்துக்கொண்டது, 2006இல் கிற்றாயெவ் முன்வைத்த தேன்கூட்டுச் சாலகம். அதில் ஒவ்வொரு கறங்கலுக்கும் அயலார் மூவர். மூவரோடும் மூன்று வெவ்வேறு வகை உறவு.

இச்சாலகத்தில் இரு கறங்கல்களுக்கிடையிலான பொருத்தம் அடுத்த அயலுக்கு அப்பால் எக்காலத்திலும் முற்றாகச் சுழியம் என்று அவர்கள் நிறுவினர். 'தேய்ந்து சிறுக்கும்' என்பது லீப்–ராபின்சன் மொழி. 'முற்றாக இல்லை' என்பது சென்னையின் மொழி. காரணமும் சுவையானது. ஒரு கறங்கலைத் தொட்டால் அதன் இருபுறத்துமுள்ள அறுகோணங்களில் அசையாத சுழிகள் இரண்டு தோன்றுகின்றன. அவை பிறந்த இடத்திலேயே நிற்கும். அவற்றோடு பிறந்த வேறொரு துகளே நடமாடும். ஆகவே சக்தியின் செய்தி அத்துகளின் மேலேறித் தொலைவுக்குச் செல்கின்றது. கறங்கலின் செய்தி வேலி தாண்டுவதில்லை. செய்தி பரவுமா என்று மொத்தமாகக் கேட்பது பிழை, எந்தச் செய்தி எந்த ஊர்தியில் என்று கேட்கவேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை யாம் அறியோம். தமிழ்நாட்டிற் பிறந்த இப்பேறு பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சிலவே என்பது வருந்தத்தக்கது.

கண்ணாற் காணும் சான்று 2012 ஜனவரியில் வந்தது. ஜேர்மனியின் கார்கிங் நகரில், மாக்ஸ் பிளாங் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில், இம்மானுவேல் புளொக் குழுவினர் ருபீடியம் அணுக்களை லேசர் ஒளியாலான சாலகத்தில் அடுக்கினர். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைத்தூரம் அரை மைக்ரோமீற்றருக்குச் சற்று மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அணுவாக அமைதியாயிருந்த அடுக்கின் ஆழத்தைத் திடீரெனக் குறைத்தனர். உடனே அணுக்கள் இடம் மாறத் தொடங்கின. இரு அணுக்கள் அமர்ந்த புள்ளியும் வெறும் புள்ளியும் இணையாகப் பிறந்து எதிரெதிர்த் திசைகளில் ஓடின. ஒவ்வோர் அணுவையும் தனித்துக் காட்டவல்ல நுணுக்குக்காட்டியால் நோக்கியபோது, பொருத்தம் முதலில் அயலிலும், பின்னர் இரண்டாம் புள்ளியிலும், பின்னர் மூன்றாம் புள்ளியிலும் தோன்றிற்று. தூரத்தையும் காலத்தையும் வரைபில் இட்டால் கூம்பொன்று தெளிவாக எழுந்தது. அவ்வேகம் நொடிக்கு மில்லிமீற்றர் கணக்கினது. எறும்பும் அதனை முந்தும். 1905இன் ஒளிக்கூம்புக்கு ஒப்பானதொரு கூம்பு, எறும்பினும் மெல்லச் செல்லும் உலகிலும் உண்டு என்பது அன்று கண்கூடாயிற்று.

அயல் என்பது நீண்டுவிட்டால் என்னாகும்? மேரிலாந்திலும் இன்ஸ்புறூக்கிலும் இரு குழுவினர் அயன்களைப் பொறியிற் பிடித்துவைத்து, தொலைவிலுள்ளவையும் நேரடியாக உறவாடும்படி செய்து 2014இற் பரிசோதித்தனர். உறவு நீள நீளக் கூம்பின் விளிம்பு குலைந்தது. எத்துணை நீளும்வரை கூம்பு உயிர்வாழும் என்ற கணக்கினை அடுத்த சில ஆண்டுகளிற் கணிதப் பௌதிகவியலார் படிப்படியாகத் தீர்த்துவந்தனர்.

இதற்கு நேரெதிரான நிலை எமக்கு அதிகம் பழக்கமானது: அயல் குலைந்துபோதல். சாலகத்தில் ஒழுங்கின்மை புகுந்தால் இலத்திரன் அலைகள் ஓரிடத்திலேயே முடங்கிவிடக்கூடும் என 1958இல் பிலிப் அன்டர்சன் காட்டினார். ஒரு பரிமாணச் சங்கிலியிற் சிறிய ஒழுங்கின்மையும் அதற்குப் போதும் என்பது சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. தளத்தில் ஒரு பாதை அடைபட்டால் சுற்றிச் செல்லலாம், சங்கிலியிற் சுற்றுவழி ஏது? இதன் பொருளை வடபகுதிப் புகைவண்டிப் பாதை அறியும். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் காலப்போக்கில் மறைந்தன. நிலையங்கள் சுவர்களாக நின்றன. 1905இல் இணைந்த சங்கிலி கிளிநொச்சி வரையில் மீண்டும் இணைந்தது 2013 செப்ரெம்பரில். யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 ஒக்ரோபரில். இடைப்பட்ட காலத்தில் வன்னியிலிருந்த ஒருவரின் கடிதம் எவ்வெவ்வழியாற் சென்றது என்பது தனியே எழுதப்படவேண்டிய வரலாறு. அதனை எழுதவல்லோர் இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர். கேட்டு எழுதுவோர்தாம் குறைவு.

வேகவெல்லையை இதுவரை ஒரு தடையாகவே பேசிவந்தோம். அது காவலுமாகும். குவாண்டம் கணிப்பொறி அமைப்போர்க்கு இது நன்கு தெரியும்: ஒரு மூலையில் நேர்ந்த பிழை மறுமூலையைக் கெடுக்குமுன் ஒரு கால இடைவெளி உண்டு, அவ்விடைவெளிக்குள் பிழையைக் கண்டு திருத்த வாய்ப்பு உண்டு. கூம்புக்கு வெளியேயுள்ளது அதுவரை பத்திரமாகவே இருக்கின்றது. ஆனால் அந்த அவகாசம் பயன்படவேண்டுமாயின், தீங்கினும் விரைந்த வழியொன்றாற் செய்தி வந்தாக வேண்டும்.

நீரலைக்கும் குவாண்டம் சாலகத்துக்கும் இடையில் உவமையை அளவு கடந்து இழுத்தல் ஆகாது. எனினும் ஒன்று பொதுவானது. ஆழ்கடலிற் பேரலையின் வேகத்தைக் கடலின் ஆழமும் புவியீர்ப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நான்கு கிலோமீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர். அவ்வலையும் நீரின் ஒரு பகுதி தன் அயற்பகுதியைத் தள்ளுவதாலேயே செல்கின்றது. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை நேரம் காலை 6.59க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. அலை முல்லைத்தீவுக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு அண்மையான அவகாசம் இருந்தது. நிலத்தினூடாகச் சென்ற அதிர்வு அவ்வளவு காலம் எடுக்கவில்லை. கண்டிக்கு அருகே பல்லேகலையிலுள்ள நிலவதிர்வுப் பதிகருவியில் அது சில நிமிடங்களிலேயே பதிவாயிற்று. ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் 7.14க்குத் தன் முதல் அறிவித்தலை வெளியிட்டது. அது பசிபிக் கடலின் நாடுகளை நோக்கியதாகவே அமைந்தது. இந்து சமுத்திரத்துக்கென அத்தகைய ஒழுங்கு எதுவும் அன்று இருக்கவில்லை. பல்லேகலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். அந்த 220 கிலோமீற்றரில் அச்செய்தியை வாங்கி அடுத்தவர் கையிற் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. அலை தன் அயல்களையெல்லாம் முறைப்படி கடந்து வந்து சேர்ந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோரும், இலங்கை முழுவதும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரும் மாண்டனர்.

இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கை ஒழுங்கு அதன் பின்னர் யுனெஸ்கோவின் துணையோடு கட்டியெழுப்பப்பட்டது. ஹைதராபாத்திலுள்ள நிலையம் 2007இல் இயங்கத் தொடங்கிற்று. கார்கிங் ஆய்வு வெளியான அதே 2012இல், ஏப்ரல் 11ஆந் திகதி, சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் ஒரு பெரும் அதிர்ச்சி நிகழ்ந்தது. இம்முறை செய்தி முந்தி வந்தது. இலங்கைக் கரையோர மக்கள் பிள்ளைகளையும் கையில் அகப்பட்டவற்றையும் எடுத்துக்கொண்டு உள்நாட்டை நோக்கி நடந்தனர். அன்று பெரிய அலை வரவில்லை.